தூய்மையின் எச்சம்

தூய்மை செய்தல் என்றால் அழுக்கை இல்லாமற் போக்குதல் என்றே பொதுவாகக் கொள்ளப்படுகிறது. ஆனால் அழுக்கு அழிவதில்லை. துணியை விட்டு நீங்கியது நீரில் சேர்கிறது, நீரை விட்டு நீங்கியது மண்ணிலோ கடலிலோ சேர்கிறது, எரித்து ஒழித்ததாக எண்ணியது புகையாகிக் காற்றில் கலக்கிறது. ஆகவே தூய்மை பற்றிய சமயக் கேள்வி ‘எது தூயது, எது தூய்மையற்றது’ என்ற பகுப்போடு முடிந்துவிடுவதில்லை. ஒன்றைத் தூயதாக்கும்போது அங்கிருந்து நீங்கும் எச்சத்தை யார் சுமக்கிறார்கள் என்ற கேள்வி அதற்கு அடியில் எப்போதும் இருந்துகொண்டே இருக்கிறது. முதற்கேள்வியை மட்டும் கேட்டு இரண்டாவதைக் கேளாமல் விட்ட சமுதாயங்கள், தூய்மையின் பெயராலேயே பெருங்கொடுமை செய்திருக்கின்றன. கண்ணாடிச் சன்னல் கழுவும் வேனுக்குள் எரிவாயுவால் நீரைச் சுடவைக்கும் கருவியைப் பொருத்துவது என்ற சிறு தொழிற்காரியத்தில் நீர், நெருப்பு, காற்று, மனித உடல் ஆகிய நான்கும் ஓர் அடைத்த அறைக்குள் நெருங்கி நிற்பதால், இவ்விரு கேள்விகளையும் ஒருங்கே வைத்து ஆராய அது மிகப் பொருத்தமான களமாக அமைகிறது.

பிரிட்டனில் இன்று பரவலாக வழங்கும் சன்னல் கழுவும் முறையில், தொழிலாளி ஏணியில் ஏறுவதில்லை. நீண்டு சுருங்கும் கம்பத்தின் நுனியில் தூரிகை ஒன்று இருக்க, வேனிலுள்ள தொட்டியிலிருந்து குழாய் வழியாக நீர் அத்தூரிகைக்கு ஏறிச் செல்ல, அவர் தரையில் நின்றபடியே இரண்டாம் மூன்றாம் மாடிக் கண்ணாடிகளைத் தேய்த்துக் கழுவுகிறார். உயரத்தில் வேலை செய்வோரின் பாதுகாப்புக்காக அந்நாட்டில் 2005ஆம் ஆண்டு வந்த விதிகள், ஏணி ஏறாமல் முடிக்கக்கூடிய வேலையை ஏணி ஏறாமலே முடிக்க வேண்டும் என்ற போக்கை வலுப்படுத்தின. இம்முறையில் சோப்பு இல்லை. கழுவிய பின் துடைப்பதும் இல்லை. கண்ணாடி தானாகக் காய விடப்படுகிறது. சாதாரணக் குழாய்நீரில் இவ்வாறு செய்தால், துளி காயும்போது அதன் விளிம்பு முதலில் உலர, நடுவிலிருக்கும் நீர் தன்னில் கரைந்த சுண்ணத்தையும் உப்பையும் விளிம்பை நோக்கி இழுத்துச் சென்று வெள்ளை வளையமாகப் படியவைத்துவிடும். எனவே இத்தொழிலுக்கு, கரைந்த உப்பு ஏறத்தாழ எதுவுமே இல்லாத நீர் வேண்டும்.

அந்த நீர் இரண்டு படிகளில் கிடைக்கிறது. முதற்படி எதிர்ச் சவ்வூடு பரவல்: இயல்பாக உப்புக் குறைந்த பக்கத்திலிருந்து மிகுந்த பக்கத்துக்குச் செல்லும் நீரை, அழுத்தம் கொடுத்து எதிர்த்திசையில் ஒரு மென்சவ்வின் வழியே தள்ளி, உப்பை இப்புறமே நிறுத்திவிடும் முறை இது. இரண்டாம் படி அயனிப் பரிமாற்றம்: அயனி என்பது நீரில் கரையும்போது மின்னேற்றம் பெற்றுப் பிரிந்து நிற்கும் உப்பின் துகள், சிறுமணிகளாலான பிசின் ஒன்று எஞ்சிய அயனிகளைத் தான் வாங்கிக்கொண்டு, அவற்றுக்கு ஈடாக, தம்முள் சேர்ந்து நீராகிவிடும் துகள்களை வெளிவிடுகிறது. சவ்வு 45 டிகிரிக்கு மேற்பட்ட வெப்பத்தைப் பொதுவாகத் தாங்காது. பிசினுக்கும் வெப்பவரம்பு உண்டு. ஆகவே நீர் முதலில் தூயதாகி, அதன் பிறகே நெருப்பிடம் போகிறது. வேனில் பொருத்தும் எரிவாயுக் கருவி, தமிழ்நாட்டு வீடுகளில் கேஸ் கீசர் என்று வழங்குவதன் இனத்தைச் சேர்ந்தது: நீர் ஓடத் தொடங்கியதும் எரிமுனை தானே பற்றிக்கொள்ள, சுடரின் மேலே சுருண்டு கிடக்கும் செம்புக் குழாயின் வழியே ஓடும் நீர், ஓடும்போதே சூடாகி வெளியேறுகிறது.

இத்தகைய நீர் எந்தப் பொருளில் தூயது என்பதை நெம்மேலியை வைத்துப் பார்ப்பது விளக்கமாக இருக்கும். செங்கல்பட்டு மாவட்டத்தில், கோவளத்துக்கும் மாமல்லபுரத்துக்கும் இடையே கிழக்குக் கடற்கரைச் சாலையோரம் அமைந்த இவ்வூரில், நாளொன்றுக்கு 10 கோடி லிட்டர் குடிநீர் தரும் கடல்நீர்ச் சுத்திகரிப்பு நிலையம் 2013இலும், 15 கோடி லிட்டர் தரும் இரண்டாம் நிலையம் 2024இலும் தொடங்கிவைக்கப்பட்டன. இரண்டும் சென்னைக் குடிநீர் வாரியத்துக்கு உரியவை. வேனுக்குள் சிறிய உருவில் நடக்கும் அதே எதிர்ச் சவ்வூடு பரவல் இங்கே ஒரு மாநகரின் தாகத்துக்கு ஏற்ற பேருருவில் நடக்கிறது. லிட்டருக்கு ஏறத்தாழ 35 கிராம் உப்புள்ள கடல்நீரை, வளிமண்டல அழுத்தத்தைப் போல் ஐம்பது அறுபது மடங்கு அழுத்தத்தில் சவ்வின் மீது செலுத்தினால்தான் அது உப்பை விட்டுப் பிரிகிறது. பிரிந்த நீரையோ அப்படியே ஊருக்கு அனுப்ப இயலாது. அது குழாய்களை அரிக்கும், குடிக்கவும் சுவையற்றிருக்கும். ஆகையால் இத்தகைய நிலையங்களில் சுண்ணம் போன்ற தாதுக்களைத் திரும்பவும் சேர்த்த பிறகே அது குடிநீர் என்னும் தகுதியைப் பெறுகிறது. கண்ணாடிக்கு அழுக்காகும் சுண்ணம், நாவுக்கும் எலும்புக்கும் வேண்டிய பொருளாகிறது. கண்ணாடிக்குத் தூய நீர் குடிப்பதற்குக் குறைபட்ட நீர். குடிப்பதற்கு நல்ல நீர் கண்ணாடிக்கு அழுக்கு நீர். ஆதலின் தூய்மை என்பது ஒரு பொருள் தன்னுள் அடைத்து வைத்திருக்கும் குணமன்று. ஒரு காரியத்தை நோக்கி, ஒரு தேவையை நோக்கி அப்பொருள் பெறும் தகுதி.

இதனினும் ஆழமான உண்மை ஒன்றும் இங்கே உண்டு. உப்பு நீங்கிய நீர் கண்ணாடியைத் துலக்குவதற்குக் காரணம், அது அழுக்கிலிருந்து விலகி நிற்பதன்று. கண்ணாடியிலுள்ள உப்பையும் தூசியையும் அது தன்மேல் ஏற்றுக்கொண்டு போவதும், தன்னிடம் எதுவும் இராததால் காயும்போது புதிதாக எதையும் படியவிடாததுமே. சடங்குசார்ந்த தூய்மைக் கோட்பாடு இதற்கு நேர்மாறான எண்ணத்தின் மீது நிற்கிறது. தீட்டு என்று வழங்கப்படுவது, தொடுதலாலும் அண்மையாலும் ஒருவரிடமிருந்து இன்னொருவருக்குப் பரவுவதாகக் கருதப்படும் தூய்மைக் குறைவு. அக்கோட்பாட்டில் தூயவர் விலகி நிற்பவர், விலக்கத்தின் அளவே தூய்மையின் அளவு. மானிடவியலறிஞர் மேரி டக்ளஸ், அழுக்கென்பது தனக்குரிய இடத்தில் இல்லாத பொருளே என்று 1966இல் வெளியிட்ட தம் நூலில் விளக்கி, தூய்மை விதிகள் உண்மையில் ஒரு சமுதாயத்தின் ஒழுங்கமைப்பைக் காக்கும் விதிகள் என்று காட்டினார். அவ்விளக்கம் தீட்டின் இயல்பைத் தெளிவாக்குகிறது. எனினும் இடம் தவறிய பொருளை உரிய இடத்துக்கு எடுத்துச் செல்லும் கைகள் யாருடையவை என்பதைத் தனியே கேட்க வேண்டியிருக்கிறது.

நெம்மேலியில் அக்கேள்விக்குக் கண்ணெதிரே ஓர் உருவம் உண்டு. கடல்நீர்ச் சுத்திகரிப்பில் பொதுவாக, உள்ளே எடுக்கும் நீரில் பாதிக்கும் குறைவானதே நன்னீராகிறது; மீதி, தன் உப்போடு நன்னீர் விட்டுச் சென்ற உப்பையும் சுமந்து, இயல்பைவிட ஒன்றரை மடங்குக்கும் மேலான செறிவோடு கடலுக்குத் திரும்புகிறது. அந்தக் கடலில் வலை வீசுபவர்களும் அந்தக் கரையில் படகு ஏற்றுபவர்களும் அருகிலுள்ள குப்பத்து மீனவர்கள். நகரத்து வீட்டுக் குழாயில் நீர் கண்டவருக்கு எச்சம் தெரிவதில்லை. கரையில் வாழ்பவருக்கு நீரைக்காட்டிலும் எச்சமே முதலில் தெரிகிறது. கடலைக் கடைந்து அமுதெடுத்த புராணக் கதையில், அமுதத்துக்கு முன்னே நஞ்சு எழுந்தது என்ற செய்தியைச் சைவ மரபு ஒருபோதும் மறந்ததில்லை. அமுதம் வேண்டிக் கடைந்தவர்கள் நஞ்சைக் கண்டு ஓடினர். அமுதத்தில் பங்கு கேளாத ஒருவர் நஞ்சை ஏற்றுத் தம் கண்டத்தில் நிறுத்தினார். திருநீலகண்டம் என்ற பெயரைச் சைவர்கள் மந்திரம்போல் போற்றுவதற்கு இதுவே காரணம்: எச்சத்தை ஏற்றவர் என்பதே அங்கே இறைமைக்கு அடையாளம்.

நெருப்பின் எச்சமோ கண்ணுக்குத் தெரியாதது. சமையல் எரிவாயு முழுமையாக எரிய வேண்டுமானால், அதன் ஒரு பங்கு புரொப்பேனுக்கு ஏறத்தாழ 24 பங்கு காற்று வேண்டும். போதிய காற்று கிடைத்தால் எச்சம் கரியமிலவாயுவும் நீராவியும். காற்று குறைந்தால் அரைகுறையாக எரிந்து கார்பன் மோனாக்சைடு என்ற நச்சுவாயு பிறக்கிறது. அதற்கு நிறமில்லை, மணமில்லை. குருதியில் உயிர்வளியைச் சுமக்கும் ஈமோகுளோபினை அது உயிர்வளியைக் காட்டிலும் இருநூறு மடங்குக்கும் மேலான ஈர்ப்புடன் பற்றிக்கொள்வதால், மூச்சு இயங்கிக்கொண்டிருக்கும்போதே உடல் மூச்சற்றுப் போகிறது. எரியாத எரிவாயு கசிந்தால் மூக்கு அறியும்படி அதில் கடுநாற்றப் பொருளைச் சேர்க்கிறார்கள். எரிந்த பின் பிறக்கும் நஞ்சுக்கு அத்தகைய அடையாளம் எதுவும் இல்லை. காற்றோட்டமில்லாத குளியலறையில் கேஸ் கீசரை இயக்கிக் குளித்தவர்கள் மயங்கி விழுந்ததும், வலிப்புக்கு ஆளானதும், உயிரிழந்ததும் இந்தியாவில் பல இடங்களில் நேர்ந்திருப்பதை நரம்பியல் மருத்துவர்கள் தம் ஆய்விதழ்களில் பதிவு செய்திருக்கிறார்கள். வேனின் பின்பகுதியும் குளியலறையைப் போலவே குறுகிய இடம், தகரத்தால் அடைத்தது, பல வேளைகளில் மழைக்கும் குளிருக்கும் தொழிலாளி ஒதுங்கும் இடமும் அதுவே.

ஆகவே இக்கருவியைப் பொருத்துபவர் செய்யும் ஒவ்வொரு சிறு வேலையும் எச்சத்தைப் பற்றிய முடிவாகவே இருக்கிறது. புகையைக் கூரைக்கு மேலே வெளியேற்றும் குழாய் ஒன்று. எரிவதற்கு வேண்டிய காற்று வெளியிலிருந்தே வரும் வழி ஒன்று. எரிவாயு காற்றினும் கனமானதாகையால் கசிந்தால் தரையில் படிந்து தேங்கும் என்பதறிந்து, அது வெளியேறத் தரைமட்டத்தில் விடும் துளை ஒன்று. சிலிண்டர் சாயாமல் நிமிர்ந்து நிற்கப் பிணைக்கும் பட்டை. ஓட்டுநரின் இருக்கைக்கும் சுடருக்கும் இடையே காற்றுப் புகாத தடுப்பு. கார்பன் மோனாக்சைடை உணர்ந்து ஒலியெழுப்பும் கருவி. வண்டி ஓடும்போது எரிவாயுவை மூடிவிடும் ஒழுங்கு. தரையில் விடும் அந்தத் துளையை அடைத்துவிட்டால் வேனுக்குள் குளிர் குறையும், தூசி வராது, பார்வைக்கும் வண்டி நேர்த்தியாக இருக்கும். ஆனால் அத்துளை காப்பது பொருத்தியவரை அன்று. என்றோ ஒருநாள் அவர் அறியாத யாரோ ஒருவர் அங்கே தீக்குச்சி உரசும்போது அவரையே அது காக்கிறது. காணாத ஒருவருக்கு நேரவிருக்கும் கேட்டைக் கண்டவர்போல் கருதி இன்றே கைவேலையைத் திருத்துவதைவிட அறத்துக்கு நேரிய வடிவம் வேறு தேட வேண்டியதில்லை.

இங்கே நியாயமான எதிர்க்கேள்வி ஒன்று எழும்: இவ்வளவு கேடு சூழ்ந்த நெருப்பு இவ்வேலைக்கு வேண்டுமா? இதற்கு இடத்தையும் உடலையும் நோக்கியே விடை சொல்ல இயலும். கறியுப்பு குளிர்ந்த நீரிலும் கொதிநீரிலும் கிட்டத்தட்ட ஒரே அளவில் கரைவது. ஆகவே நெம்மேலிக் கடற்காற்று கண்ணாடியில் படியவைக்கும் உப்பைக் கழுவ வெந்நீர் தேவையில்லை. எண்ணெய்ப் பிசுக்கும் காய்ந்து இறுகிய பறவை எச்சமுமே வெப்பத்துக்கு இளகுபவை. 400 லிட்டர் நீரை 10 டிகிரியிலிருந்து 50 டிகிரிக்கு ஏற்ற, வீணாவதையும் சேர்த்தால், ஒன்றரை முதல் இரண்டு கிலோ எரிவாயு செலவாகும். கிலோவுக்கு ஏறத்தாழ மூன்று கிலோ கரியமிலவாயு வெளியேறும். நீர் இயல்பாகவே 30 டிகிரியில் இருக்கும் இக்கரையில் தேவை பாதியாகக் குறையும்; பெரும்பாலான நாட்களில் தேவையே இராது. இங்கிலாந்தின் சனவரி மாதத்திலோ, உறைநிலைக்கு அருகிலுள்ள நீர் வழிந்து இறங்கும் கம்பத்தை நாள் முழுவதும் பற்றி நிற்கும் விரல்கள் விறைத்து உணர்விழக்கும். குழாய்க்குள் நீரும் உறையும். அங்கே அந்த நெருப்பு கண்ணாடிக்காக மூட்டப்படுவதைப்போலவே கைகளுக்காகவும் மூட்டப்படுகிறது. நெருப்பு தேவையா என்பதைக் கண்ணாடியை மட்டும் பார்த்துத் தீர்மானிப்பவர் பாதிக் கணக்கையே பார்க்கிறார். கழுவுகிற உடலையும் பார்ப்பவரே முழுக்கணக்கைப் பார்க்கிறார்.

சலவைக்கு வெப்பத்தைத் துணைகொள்வது தமிழருக்குப் புதிதன்று. வெள்ளாவி வைத்தல் என்பது, உவர்மண் கரைத்த நீரில் ஊறவைத்துப் பிழிந்த துணிகளைக் கொதிக்கும் பானையின் மேல் அடுக்கி ஆவியில் வேகவைக்கும் முறை. உவர்மண்ணிலுள்ள காரம் வெப்பத்தின் துணையால் எண்ணெய்ப் பிசுக்கைச் சவர்க்காரமாக மாற்றி நீரோடு போக்கிவிடுகிறது. இத்தொழிலின் நுட்பத்தைச் சைவ சித்தாந்தம் தன் மையமான கேள்வி ஒன்றுக்கு விடையாக எடுத்தாள்கிறது. ஆன்மாவைப் பற்றியிருக்கும் மலங்கள் மூன்று: அறியாமைக்கு மூலமான ஆணவம், வினையாகிய கன்மம், உடலும் உலகுமாக விரியும் மாயை. மாயையும் ஒரு மலமாயிருக்க, அதனாலான உடலைத் தந்து இறைவன் ஆன்மாவைத் தூய்மை செய்கிறான் என்பது எவ்வாறு பொருந்தும்? அருணந்தி சிவாசாரியார் சிவஞான சித்தியாரில், சலவைத் தொழிலாளி துணியின் அழுக்கை நீக்கச் சாணத்தையும் உவரையும் அத்துணியில் ஏற்றுவதை எடுத்துக்காட்டி, மலத்தைக் கொண்டே மலம் கழுவப்படுகிறது என்று விடை தருகிறார். தூய்மை செய்பவர் அழுக்கோடு அழுக்காகக் கலந்தே தூய்மை செய்ய முடியும் என்பதும், இறைவன் செயலுக்கே வண்ணாரின் செயல் உவமையாகும் தகுதியுடையது என்பதும் இவ்விடையில் அடங்கியிருக்கின்றன. மேலும் சித்தாந்தத்தின்படி வீடுபேற்று நிலையிலும் ஆணவம் அழிந்துபோவதில்லை. அதன் ஆற்றல் அடங்கி நிற்கிறது. எச்சமே இல்லாத தூய்மை என்ற ஒன்றை அம்மெய்யியல் ஆன்மாவுக்குக்கூட வாக்களிக்கவில்லை. எச்சம் இனித் தீங்கு செய்யாத நிலையையே வாக்களிக்கிறது.

காஞ்சிபுரத்துத் திருக்குறிப்புத் தொண்ட நாயனாரின் வரலாறு இவ்வெண்ணத்தைத் தொண்டின் வடிவில் காட்டுகிறது. சேக்கிழார் பெரியபுராணத்தில் கூறுகிறபடி, அடியவர்களின் மனக்குறிப்பறிந்து அவர்தம் ஆடையை வெளுத்துத் தருவதையே தம் திருப்பணியாகக் கொண்டவர் அவர். குளிர்காலத்தில் அழுக்கேறிய கந்தையோடு மெலிந்த உடலினராய் வந்த முதியவர் ஒருவர், அதுவன்றித் தமக்கு வேறு போர்வை இல்லாததால் பொழுது சாய்வதற்குள் உலர்த்தித் தரவேண்டும் என்று கேட்க, நாயனார் இசைந்து வெளுக்கத் தொடங்கினார்; மழை விடாது பொழிந்தது; துணி உலரவில்லை. துணி வெளுத்துவிட்டது என்று அவர் அமைதி கொள்ளவில்லை. குளிரில் நடுங்கப்போகும் உடலை நினைத்துத் துணி துவைக்கும் கல்லிலேயே தம் தலையை மோதினார். அக்கல்லின் பக்கமிருந்து எழுந்த இறைவனின் கை அவரைத் தடுத்துப் பற்றியது. இவ்வரலாற்றில் வெண்மை முதன்மையானதன்று. துணியின் தூய்மை, அதை உடுத்தும் உடல் நடுங்காமலிருப்பதோடு சேர்ந்தால்தான் நிறைவடைகிறது. அந்த நிறைவு தவறியதை அத்தொண்டர் தம் உயிரினும் பெரிதாகக் கருதினார்.

இவ்வளவு உயர்ந்த உவமையும் வரலாறும் இருந்தும், தமிழ்ச் சமுதாயம் அழுக்கெடுக்கும் கைகளை அழுக்கென்றே நெடுங்காலம் நடத்தியது என்பதை மறைத்துப் பேசுவது இவ்வாராய்ச்சிக்கு நேர்மையாகாது. தாழ்த்தப்பட்ட மக்களுக்குத் துணி வெளுத்த புதிரை வண்ணார், கண்ணிற்படுவதே தீட்டு என்று ஒதுக்கப்பட்ட கொடுமைக்கு ஆளாயினர். அம்மக்களின் வாழ்வை இமையம் 1994இல் வெளிவந்த ‘கோவேறு கழுதைகள்’ நாவலில் எழுதினார். மனிதக் கழிவை மனிதர் கையால் அகற்றுவதைத் தடைசெய்யும் சட்டம் 2013இல், நெம்மேலியின் முதல் நிலையம் நீர் தரத் தொடங்கிய அதே ஆண்டில், நாடாளுமன்றத்தில் நிறைவேறியது; அதன் பிறகும் கழிவுநீர்த் தொட்டிகளில் இறங்கியவர்கள் நச்சுவாயுவால் மாண்டுகொண்டே இருக்கிறார்கள். அடைத்த தொட்டியில் தேங்கும் வாயுவும் அடைத்த வேனில் தேங்கும் வாயுவும் வேதியியலில் வேறு வேறு, அறத்தில் ஒன்றே. இரண்டிலும் ஒருவருடைய தூய்மையின் எச்சம் இன்னொருவருடைய மூச்சில் சேர்கிறது. எச்சம் எங்கே போகும் என்று முன்கூட்டியே எண்ணிப் பார்க்கக் கடமைப்பட்டவர் எண்ணாமல் விட்டதே இரண்டிலும் கொலைக்குக் காரணம்.

உடலின் தூய்மைக்கு நீர், உள்ளத்தின் தூய்மைக்கு வாய்மை என்று வள்ளுவர் வாய்மை அதிகாரத்தில் வகுத்திருக்கிறார். இதைக் கொண்டு, புறத்தூய்மை பற்றிய இப்பேச்செல்லாம் சமயத்துக்குப் புறம்பானது, அகத்தூய்மையே தேடத்தக்கது என்று சிலர் வாதிடக்கூடும். ஆனால் அகமும் புறமும் இவ்விடத்தில் பிரிந்து நிற்கவில்லை. நீரால் கழுவிய கண்ணாடியின் தூய்மையைப் பற்றி உண்மை பேசுவதென்றால், அக்கழுவலின் உப்பும் புகையும் எங்கே போயின, கழுவியவருக்கு என்ன நேர்ந்தது என்பவற்றையும் சேர்த்தே பேச வேண்டும். அவற்றை மறைத்துத் துலக்கத்தை மட்டும் காட்டுவது வாய்மையில் நேரும் குறை. அவ்வகையில் புறத்தூய்மையைப் பற்றிய முழு உண்மையைச் சொல்ல ஒப்புவதே அகத்தூய்மையின் ஒரு பகுதியாகிறது.

நெம்மேலிக்கு வடக்கே பழைய மகாபலிபுரம் சாலையில் வரிசையாக எழுந்து நிற்கும் கண்ணாடி மாளிகைகளையும், கடற்கரையோர விடுதிகளின் சன்னல்களையும் கழுவுபவர்கள் பலர். அவர்களில் கயிற்றில் தொங்கி வேலை செய்வோரும் உண்டு. கம்பமும் தூயநீரும் இங்கே பரவும்போது சிலருடைய உயிருக்குக் காப்பு மிகும். நெருப்பையும் உடன் கொண்டுவருவதா என்பதை இவ்விடத்து வெப்பமும் இவ்விடத்து அழுக்கும் தீர்மானிக்கட்டும். கொண்டுவருவதானால், புகைக்கு வழியும் காற்றுக்கு வழியும் தரையில் துளையும், விரும்பினால் செய்யும் சேர்க்கைகளாக இல்லாமல், கருவியின் உறுப்புகளாகவே கருதப்பட வேண்டும். அவற்றுக்கான செலவும், கழுவுபவரின் தலையில் விழாமல், கண்ணாடி துலங்க வேண்டும் என்று கேட்டவரின் கணக்கில் சேர வேண்டும். ஒரு செயல் தூயதா என்று அறிய விரும்புகிறவர், அது துலக்கிய பொருளைப் பார்த்த பிறகு அது விட்டுச்சென்ற எச்சத்தையும் தேடிச் சென்று பார்க்கக் கடமைப்பட்டவர். அந்த எச்சத்தைத் தன் பங்காக ஏற்க ஒப்பாத எந்தத் தூய்மையும், சடங்கால் எவ்வளவு காக்கப்பட்டாலும், சமயம் என்ற பெயருக்கு உரியதாகாது.